மூணு பிளேடு... ஒரே கத்தி!

தமிழில் ஒருத்தர் நம்மைப் போரடித்தால் அதைச் சொல்ல எத்தனை வார்த்தை பாருங்கள். அறுவை. கத்தி. பிளேடு. முற்றிப்போன கேஸ் என்றால் ரம்பம். எல்லாமே வெட்டுகிற சாமான்! மத்தியானம் மூணு மணிக்கு உங்கள் மேஜை ஓரத்தில் வந்து உட்கார்ந்து, தன் மச்சான் ஃப்ளாட் வாங்கின கதையை மூன்றாவது தடவையாகச் சொல்கிறாரே ஒருவர்... அவரைப் பற்றி இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம். இது நிஜக் கத்தி, நிஜ பிளேடு சமாசாரம். அதுவும் ஒரு கத்தியில் மூணு பிளேடு.

பெயர் 'ஸ்டாக்மேன்'. ஷேர் மார்க்கெட் ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் கால்நடைகளுக்கு 'லைவ் ஸ்டாக்' என்று பெயர். மாடு, ஆடு வளர்த்து விற்கிறவர் ஸ்டாக்மேன். அவர் பேண்ட் பாக்கெட்டில் சதா கிடந்த மடக்குக் கத்திக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நம்மூரில் பேனாக்கத்தி என்கிறோமே, அந்த ஜாதிதான். மடக்கி வைத்தால் மூன்றேகால் அங்குலத்திலிருந்து நாலு அங்குலம் வரை. கைப்பிடி நேராக இருக்காது. பாம்பு சோம்பல் முறித்த மாதிரி லேசாக ஒரு நெளிவு. பாக்கெட்டில் உறுத்தாமல் படுத்துக்கொள்ளவும், உள்ளங்கையில் பாந்தமாக உட்காரவும் அந்த நெளிவு.

மூணு பிளேடும் மூணு வேலைக்கு. நீளமானது 'கிளிப்'. முதுகு ஓரமாகச் சீவி, முனையைக் கூராக்கியிருப்பார்கள். சாக்கு கிழிக்க, கயிறு அறுக்க, ஆப்பிள் நறுக்க, பல் குத்த (சத்தியமாகப் பார்த்தேன்!) எல்லாத்துக்கும் அதுதான். இரண்டாவது 'ஷீப்ஸ்ஃபுட்', அதாவது ஆட்டுக் குளம்பு. வெட்டுகிற பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். முதுகுதான் வளைந்து இறங்கி வந்து அதைச் சந்திக்கும். கூர் முனை இல்லாததால் குளம்பைச் சீவும்போது மாட்டின் காலில் குத்தாது.

மூன்றாவது 'ஸ்பே'. குட்டையாக, முனை மொண்ணையாக, பரம சாதுவாக இருக்கும். அதன் தொழிலைக் கேட்டால்தான் பகீரென்கிறது. கன்றுகளுக்குக் காயடிக்க! கன்று சும்மா நிற்குமா? உதைக்கும், துள்ளும். அந்த நேரத்தில் வேண்டாத இடத்தில் குத்திவிடக் கூடாது என்றுதான் முனையை மழுக்கி வைத்தார்கள். (ஆண் வாசகர்கள் ஒரு நிமிஷம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டு மேலே படிக்கலாம்.)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கத்தி பிரபலமானது. சிகாகோவில் 1865-ல் பிரம்மாண்டமான மாட்டுச் சந்தை ஒன்று தொடங்கி, 1971 வரை நடந்தது. மேற்கே பண்ணைகளிலிருந்து ரயிலில் மாடுகளை ஏற்றிக்கொண்டு வியாபாரிகள் வருவார்கள். பண்ணையில் அழுக்கு டிரவுசரோடு திரிகிற மனுஷன், பட்டணத்துக்குக் கோட்டு சூட்டில் வரும்போது பழைய தடித்தடி மாட்டுக் கத்தி பாக்கெட்டில் புடைத்துக்கொண்டு மானத்தை வாங்கியதாம். அதனால்தான் ஒல்லியான ஸ்டாக்மேன் பிறந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். எவ்வளவு நிஜமோ, கதை நன்றாக இருக்கிறது.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கம்பெனி வேலையாக பென்சில்வேனியா மாநிலத்தில் 2018-லும் 2019-லும் இருந்தேன். என் போர்ஷனுக்குக் கீழ் வீட்டில் ரிட்டயர்டு மனிதர் ஒருவர். ஃபேக்டரியில் கடைசல் மெஷின் ஓட்டினவர். நான் அவரை 'சார்' என்று கூப்பிட்டதைக் கடைசிவரை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. "என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு" என்பார். எழுபத்திரண்டு வயசு மனுஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவேண்டுமே! சார் சாராகவே இருந்தார். அவர் வீட்டு கராஜில் காருக்கு இடமில்லை. கார் பனியில் நின்றது; உள்ளே கத்திகள் இருந்தன. இருநூறு சொச்சம்.

இப்படிச் சேர்க்கிறவர்களுக்கு அங்கே 'கலெக்டர்' என்று பெயர். ஜீப் கிடையாது, டவாலி கிடையாது, மனு வாங்குவதும் கிடையாது. ஆனால் கெடுபிடி மட்டும் நம்ம கலெக்டருக்குக் குறைவில்லை. கத்தியைக் கையில் கொடுத்தால் முதலில் பிளேடைத் திறந்து கூர் பார்க்க மாட்டார்கள். காதுகிட்டே கொண்டுபோவார்கள்!

விஷயம் இதுதான். ஸ்டாக்மேனில் பூட்டு கிடையாது. முதுகுப் பக்கம் ஓர் எஃகு ஸ்பிரிங். பிளேடின் அடிக்கட்டையை அது அழுத்திப் பிடித்திருக்கும். திறக்கும்போது அந்த ஸ்பிரிங் வளைந்து கொடுத்துவிட்டு 'டக்' என்று விழும். அந்த 'டக்' மெத்தென்று இருந்தால் கத்தி கிழடு. கணீரென்று இருந்தால் வாலிபம். பிளேடு தடங்கலில்லாமல் திரும்புவது 'நடை', இந்தச் சத்தம் 'பேச்சு'. நடையும் பேச்சும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பெண் எடுக்கிற மாதிரிதான். (இதை வீட்டில் சத்தமாகப் படிக்க வேண்டாம்.)

இன்னொரு வித்தை. பெரும்பாலான ஸ்டாக்மேனில் மூணு பிளேடுக்கு ரெண்டே ஸ்பிரிங். ஒரு வீட்டில் மூணு குடித்தனம்! மடக்கினால் மூன்றும் ஒன்றையொன்று உரசாமல் பக்கத்துப் பக்கத்தில் ஒல்லியாகப் படுக்க வேண்டும். அதற்காகப் பிளேடை அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மயிரிழை வளைப்பார்கள். அளவு பார்க்க மெஷின் உண்டு. ஆனால் கடைசித் தட்டு தட்டுவது ஆள்தான், சுத்தியலோடு. ஒரு தட்டு அதிகமானால் பிளேடு பக்கத்து வீட்டுச் சுவரில் இடிக்கும். இந்தச் சின்ன சாமானுக்குப் போய் ஐம்பதிலிருந்து சில நூறு டாலர் வரை கொடுக்கிறார்களே என்று எனக்கும் வயிற்றெரிச்சல் இருந்தது. இதைப் பார்த்த பிறகு கொஞ்சம் அடங்கியது.

அப்புறம், இரும்பு. துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் இருக்க, பழைய ஆட்கள் கார்பன் ஸ்டீலைத்தான் கொண்டாடுகிறார்கள். சீக்கிரம் கூர் ஏறும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அது கருத்துப் போகும்! எலுமிச்சம்பழம், ஆப்பிள், கடுகு சாஸ் என்று எதில் பட்டாலும் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் ஏறும். அதை அவர்கள் 'பட்டினா' என்று செல்லமாகக் கூப்பிட்டு ஃபோட்டோ எடுத்து மாட்டுகிறார்கள். வாழைக்காய் நறுக்கி நறுக்கிக் கருத்துப்போன அரிவாள்மணையை நம் பாட்டிகள் புளி போட்டுத் தேய்த்தே வாழ்நாளைக் கழித்தார்கள். பட்டினா என்று ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் பாதி வேலை மிச்சம்! (வேடிக்கை ஒரு பக்கம். அந்தக் கருப்புப் படலம் சிவப்புத் துரு பிடிப்பதை ஓரளவு தடுக்கும் என்பது உண்மை.)

சேர்ப்பவர்களின் குலதெய்வம் 'கேஸ்' என்கிற கம்பெனி. கோர்ட் கேஸ் இல்லை. ஸ்தாபித்த குடும்பத்தின் பெயரே கேஸ். 1889-ல் நியூயார்க் மாநிலத்தின் லிட்டில் வேலியில் ஆரம்பித்து, 1905-ல் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டு ஊருக்குக் குடிவந்தார்கள். அதே ஊர்தான் 'ஜிப்போ' லைட்டருக்கும் சொந்த ஊர். 1993-ல் ஜிப்போவின் சொந்தக்காரர்களே கேஸையும் வாங்கிவிட்டார்கள். சார் என்னை ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப்போனார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மியூசியம். சுற்றிலும் தெருவிளக்குகளே லைட்டர் வடிவத்தில்! நம்மூரில் சிவகாசிக்காரர்கள் தீப்பெட்டி வடிவத்தில் தெருவிளக்கு போட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

கேஸ் கத்தியில் 'எக்ஸ் எக்ஸ்' என்று முத்திரை இருக்கும். உலையில் ஒரு தடவை பதம் போட்டதற்கு ஓர் எக்ஸ், மறுபடி போட்டதற்கு இன்னோர் எக்ஸ் என்று விளக்கம் சொல்கிறது கம்பெனி. மாடல் நம்பரும் சும்மா போட்ட நம்பர் இல்லை. 6318 என்று இருந்தால், முதல் 6 கைப்பிடியைக் குறிக்கும், செதுக்கிய எலும்பு. 5 என்றால் மான்கொம்பு. 3 என்றால் மஞ்சள் பிளாஸ்டிக். அடுத்த 3, பிளேடு எண்ணிக்கை. மிச்சமுள்ள 18 கத்தியின் வடிவம்.

இதைவிட ருசியானது புள்ளிக் கணக்கு. 1970-ல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள். 1971-ல் ஒன்பது. இப்படி வருஷத்துக்கு ஒரு புள்ளி குறைந்து 1979-ல் ஒன்றே ஒன்று. ஆக, ஐந்து புள்ளி இருந்தால் 1975-ல் செய்தது. 1980-ல் முத்திரை எழுத்தின் தினுசை மாற்றி மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தார்கள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வயசான மனிதர்கள் புள்ளி எண்ணுவதைப் பார்த்தால் மார்கழி மாசத்து வாசல் ஞாபகம் வரும். சில கில்லாடிகள் பழைய முத்திரை உள்ள உடைந்த பிளேடை வாங்கி வேறு கத்தியில் ஏற்றி விற்றுவிடுவார்கள். அதனால் புள்ளியை மட்டும் நம்பக்கூடாது; பிளேடு, பிடி, ஸ்பிரிங் மூன்றும் ஒரே வயசா என்று பார்க்க வேண்டும் என்பார் சார்.

இப்போது இந்தக் கத்திகளுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? செய்த இடங்கள் ஒவ்வொன்றாக மூடியதுதான் முக்கியமான காரணம். நியூயார்க் மாநிலத்தின் எலன்வில் ஊரில் 'இம்பீரியல் ஷ்ரேட்' என்ற பெரிய ஃபேக்டரி. அவர்கள் செய்த 'ஓல்டு டைமர்' கத்தி விவசாயி, லாரி டிரைவர், பள்ளிக்கூடப் பையன் என்று எல்லார் பாக்கெட்டிலும் இருந்தது. 2004 ஜூலையில் ஒரே நாளில் இழுத்து மூடினார்கள். பெயரை இன்னொரு கம்பெனி வாங்கி, கத்தியைச் சீனாவில் செய்து விற்றது. 2007-ல் கமிலஸ். 2018-ல் டைட்டஸ்வில் ஊரின் 'குவீன்'. (1859-ல் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டி உலகத்தின் தலையெழுத்தை மாற்றினாரே, அதே டைட்டஸ்வில்.) அதே ஊரில் 2006-ல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்று புதிதாக ஒன்று ஆரம்பித்து, பழைய பாணியிலேயே கார்பன் ஸ்டீல் கத்தி செய்கிறார்கள். தயாரிப்பது கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். ரிலீஸ் அன்றைக்கு ரஜினி படத்துக்கு முதல் நாள் டிக்கெட் மாதிரிதான்.

பிடிக்கு வருவோம். என்னை அசத்தியது அதுதான். கேஸ் கத்தியின் எலும்பு, பிரேசில் மாட்டின் முன்னங்கால் எலும்பு. பிரேசில் மாடு யார் தெரியுமோ? திமில் வைத்த நம்ம மாடு! பத்தொன்பதாம் நூற்றாண்டில், அப்போது சென்னை ராஜதானியில் இருந்த நெல்லூர் சீமையின் ஓங்கோல் மாடுகள் கப்பல் ஏறி பிரேசில் போயின. அங்கே அதன் பெயரே 'நெலோர்'. இன்றைக்கு அந்த நாட்டு மாட்டு மந்தைகளில் பெரும்பகுதி அந்த ரத்தம்தான். சாரிடம் இதைச் சொன்னதும் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ இது உங்க ஊர்க்காரன்!" என்றார்.

மான்கொம்பும் அப்படித்தான். அவர் கண் மின்ன, "இண்டியன் சாம்பார்" என்று சொன்னபோது எனக்குப் பெருங்காய வாசனை வந்தது. அவர் சொன்னது கடமானை. நம் தென்கோடியில் மிளா என்பார்கள். அதன் கொம்பு கெட்டி, உள்ளே பொறை கம்மி. வருஷா வருஷம் தானே உதிர்கிற கொம்பைப் பொறுக்கி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். உதிர்ந்தது எது, சுட்டு வீழ்த்தி வெட்டியது எது என்று யார் கண்டது? 1990-களின் கடைசியில் இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அங்கே விலை எகிறியது. சார் பெருமூச்சு விட்டார். எனக்கு வருத்தமில்லை. முதுமலையில் கொம்போடு நிற்கிற கடமானைப் பார்த்தவர்கள் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

பழைய செல்லுலாய்ட் பிடி உள்ள கத்திகளைத் தனி டப்பாவில் வைப்பார். அந்தக் காலத்து சினிமாச் சுருள் செய்த அதே சரக்கு. வயசானால் உள்ளுக்குள் அழுகி ஒருவித ஆவியை விடும்; பக்கத்தில் இருக்கிற நல்ல கத்தியும் துருப்பிடிக்கும். ஆபீஸில் அப்படி ஒரு செக்‌ஷனையே எனக்குத் தெரியும்.

கலெக்டர்களுக்குள் ரெண்டு கட்சி. பெட்டியிலிருந்து எடுக்காதே, ஒரு தடவை கூர் தீட்டினாலும் மதிப்பு பாதி போச்சு என்பது ஒரு கட்சி. வாங்கி, பிரித்து, பிடியைக் கழற்றித் தனக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்வது இன்னொன்று. வெள்ளை எலும்பைத் துணிச் சாயத்தில் ஊறப்போட்டு நிறமேற்றுகிறார்கள். டீத்தூள் டிகாக்‌ஷனில் போட்டுப் பழுப்பாக்குகிறார்கள். கருங்காலி, ஈட்டி, துணியை அடுக்கி ரெசினில் அழுத்திச் செய்கிற மைகார்ட்டா என்று பிடி போடுகிறார்கள். பித்தளைத் தகட்டின்மேல் ஒட்டி, மெல்லிய பித்தளை ஆணி இறக்கி, அதன் தலையைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி மலர்த்த வேண்டும். அவசரப்பட்டு ஒரு அடி ஓங்கிவிட்டால் எலும்பு 'விண்'ணென்று கீறிவிடும். என் ஓட்டு இந்த ரெண்டாவது கட்சிக்குத்தான். வெட்டாத கத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தக் கட்சியின் தலைவரான சாரே ஒரு கத்தியில் மட்டும் ஒரு வருஷமாகக் கை வைக்காமல் இருந்தார். அவர் அப்பாவுடைய ஓல்டு டைமர். 1970-களில் வாங்கியது. அப்பா பால்பண்ணைக்காரர், சாகிற வரைக்கும் பாக்கெட்டில் இருந்தது. தீட்டித் தீட்டிப் பெரிய பிளேடு பாதி அகலம்கூட இல்லை, நம்மூர்ப் பாக்குவெட்டிக்காரர்கள் வைத்திருக்கிற தேய்ந்த கத்தி மாதிரி. ஒரு பக்கப் பிடி உடைந்து பாதி காணோம். ரிப்பேருக்கு அனுப்ப கம்பெனியும் இல்லை. அதைப் புதுசாக்கிப் பேரனுக்குக் கொடுக்க வேண்டும் என்று சாருக்கு ஆசை. பண்ணையை விற்றபோது மாட்டுக் கொட்டகை உத்தரத்திலிருந்து ஒரு துண்டு அறுத்து வைத்திருந்தார். அமெரிக்கச் செஸ்ட்நட் மரம். 1904-ல் நியூயார்க்கில் தெரியவந்த ஒரு பூஞ்சை நோயில், ஐம்பது வருஷத்துக்குள் அந்த மரங்கள் கோடிக்கணக்கில் செத்தன. இப்போது பழைய கொட்டகைகளில்தான் அந்தப் பலகை கிடைக்கும்.

அவருடைய பெண் ஒத்துக்கொள்ளவில்லை. செவிலியர் வேலை; நைட் டியூட்டி முடிந்து வந்து கராஜ் வாசலில் நின்றுகொண்டே சண்டை போட்டாள். "தாத்தா கட்டைவிரல் தேய்ச்ச பள்ளம் அந்தப் பிளாஸ்டிக்கில்தான் இருக்கு. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன, கடைக் கத்தி!" என்றாள். சார் பதிலுக்கு, "உடைஞ்சதைக் கையில் கொடுத்தா பையன் மேஜை டிராயரில் போட்டுடுவான். எங்கப்பா டிராயரில் வைக்கவா வாங்கினார்?" என்றார். ரெண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. மூன்று வாரம் அப்பாவும் பெண்ணும் பேசிக்கொள்ளவில்லை. நான் மாடிப்படியில் பூனை மாதிரி ஏறி இறங்கினேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் என்னை விளக்குப் பிடிக்கக் கூப்பிட்டார். உடைந்த பக்கத்தை மட்டும் மெல்ல நெம்பி எடுத்தார். செஸ்ட்நட் கொஞ்சம் மெத்து மரம். அதை முன்னமே ரெசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தி வைத்திருந்தார். வெட்டி, ஒட்டி, ஆணி இறக்கி, உப்புத்தாள் நம்பர் நம்பராக மாற்றித் தேய்த்தார். முழுசாக நாலு மணி நேரம். பிளேடைத் தொடவில்லை. கட்டைவிரல் பள்ளம் இருந்த பக்கத்தைத் துணியால் துடைத்ததோடு சரி. ஒரு பக்கம் பழைய பிளாஸ்டிக், ஒரு பக்கம் கொட்டகை மரம். கலெக்டர் யாரும் பத்து டாலர்கூடக் கொடுக்க மாட்டார்கள். பெண் வந்தாள். வாங்கினாள். பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பிளேடைத் திறந்து ஒன்றும் பேசாமல் வாசலில் கிடந்த பார்சலின் டேப்பைக் கிழித்தாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு அவள் வீட்டில், சாருக்கும் எனக்கும்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது சார் எனக்கு ஒரு நடுத்தர சைஸ் ஸ்டாக்மேன் கொடுத்தார். மஞ்சள் பிடி, கார்பன் ஸ்டீல். கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு அப்படி. 2013-ல் சின்னக் கத்திகளை விடலாம் என்று அங்கே அறிவித்தார்கள். விமான ஊழியர்கள் கொதித்தெழ, சில மாதத்தில் வாபஸ். அதனால் பெரிய பெட்டிக்குள் வேட்டியில் சுற்றிப் போட்டு செக்-இன் செய்தேன். நம்மூரில் லைசென்ஸ் பேச்சு வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளுக்கு. இது மூணு அங்குலத்துக்கும் குறைவு.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் அம்மா கண்ணில்தான் முதலில் பட்டது. "இத்துனூண்டு கத்திக்கு மூணு பிளேடு எதுக்குடா?" என்றாள். முதல் ரெண்டுக்கும் விளக்கம் சொன்னேன். கேட்டுக்கொண்டே மூன்றாவதைத் திறந்து பார்த்தாள். முனை மொண்ணையாக இருப்பது பிடித்துப்போயிற்று; கையைக் குத்தாதாம். அன்றிலிருந்து அடுப்படியில் உருளைக்கிழங்குக் கண் தோண்டுவது, இஞ்சி சீவுவது, முருங்கைக்காய் நார் உரிப்பது எல்லாம் அதில்தான். நன்றாகக் கருத்து, பிரமாதமாகப் பட்டினா ஏறியிருக்கிறது.

அந்த பிளேடு எதற்கு என்று அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.